அரிசி மில் சுவரில் என் அம்மா

போன வாரம் அத்தை மகன் வீட்டுக் காதுகுத்துக்காகத் திருப்பதியிலிருந்து புத்தூருக்குப் போயிருந்தேன். நம் தெருமுனையில் ஒரு வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுக்காரர்கள் பெங்களூருக்குப் போய்ப் பல வருடங்களாகின்றன. பரணில் கிடந்த சாமான்களை எல்லாம் தெருவில் குவித்திருந்தார்கள். ஓட்டை அண்டா, கால் உடைந்த நாற்காலி, அவற்றுக்கு நடுவே கண்ணாடி போட்ட ஒரு படம் குப்புறக் கிடந்தது. புரட்டினேன். நீ வரைந்த படம்.

புருஷன், மாமியார், இரண்டு பிள்ளைகள். போட்டோ எடுக்கும்போது ஸ்டூடியோக்காரர் எதையோ சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். எல்லோரும் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறார்கள். நடுவில் நிற்கும் அந்த வீட்டு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு காதும் தெரிய நேராகப் பார்க்கிறாள். பாஸ்போர்ட் போட்டோவைப் பார்த்து நீ உள்ளே சேர்த்த முகம் அது. சின்னப் பிள்ளையின் தோளில் அவள் கை இருக்கிறது. பாஸ்போர்ட் போட்டோவில் கை ஏது? "யாரு கைமே இது?" என்று ஒருமுறை உன்னைக் கேட்டேன். "எங்கம்மா கை. எல்லாருக்கும் எங்கம்மா கையத்தான் போட்டுக்கினு கீறேன்" என்றாய்.

வீடு இடிப்பவர், "வேணும்னா எடுத்துக்கினு போம்மா" என்றார். துடைத்து எடுத்துவந்தேன். அதிலிருந்து உன்னோடு பேசாமல் இருக்க முடியவில்லை.

உன் அம்மா குவைத்துக்குப் போனபோது நாம் ஒன்பதாம் வகுப்பு. அங்கே போர் ஓய்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். நம் பக்கத்தில் நிலக்கடலை தொடர்ந்து பொய்த்திருந்தது. கூலிக்குப் போனவர்களுக்குக் கூலியும் இல்லை. முதலில் சந்து வீட்டுக்காரி ஒருத்தி போனாள். அவள் அனுப்பிய டேப் ரிக்கார்டர் தெருவுக்கே கேட்கும்படி பாடியது. அடுத்து உன் அம்மா. உன் நைனாவுக்குக் கால் ஊனம். எலும்புக் கட்டுக்குப் பேர்போன ஊரிலேயே பிறந்தும், உடைந்த கால் நேராகச் சேராத மனிதர். ஸ்டேஷன் எதிரே அவர் வைத்திருந்த டீக்கடையால் ஒரு குடும்பம் நிற்காது என்று உன் அம்மா கணக்குப் போட்டுக் கிளம்பினாள்.

அவள் போன பிறகு, நீயும் நைனாவும் மட்டும் இருந்த ஒரு போட்டோவை சார்ட் பேப்பரில் பெரிதாக வரைந்து, நடுவில் உன் அம்மாவைச் சேர்த்தாய். சுவரில் மாட்டியதும் உன் நைனா கடைக்குக்கூடப் போகாமல் அன்று முழுக்க அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் தெரு வந்தது. "என் பொண்டாட்டியையும் சேர்த்துக் குடும்மே." "எம் பேத்தி மஞ்சத் தண்ணிக்கு எங்க மருமவ இல்லாம போச்சு, நீ போட்டுக் குடு தாயி." ஊரே உன்னை நம்ம பொண்ணு என்றது. கல்யாண வீடுகளில் உனக்கு முதல் பந்தி. காலேஜ் பிள்ளைகள் ரிக்கார்டு நோட்டில் தவளையும் இதயமும் வரைந்து தரச் சொல்லி வாசலில் நிற்பார்கள். குவைத்துக்குக் கிளம்பும் பெண்கள், ரயிலேறும் முன் உன் வீட்டுக்கு வந்து உன் எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். "என் மூஞ்ச நல்லாப் பாத்து வெச்சிக்கமே. நாளைக்கு வரையணும்ல" என்பார்கள். நீயும் சிரிக்காமல், இமைக்காமல் பார்ப்பாய். ஊரில் ஒருவரை ஒருவர் அப்படிப் பார்க்க நேரமில்லாத காலம் அது.

அடுத்த வருடம் என் அம்மாவும் வந்து உன் எதிரில் உட்கார்ந்தாள். ஆனால் அவளுக்கு உட்காரத் தெரியாது. பேசிக்கொண்டே இருந்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், என்னைப் பார்த்து அழுதுகொண்டே இருந்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று என் நைனா கூப்பிட்டதும் எழுந்து போய்விட்டாள்.

அனுப்பியவர் பாஸ்கரண்ணா. எல்லோரையும் அனுப்பியவர் அவர்தான். அவரைக் கெட்டவர் என்று அப்போது யாரும் சொன்னதில்லை. வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு முதல் நன்கொடை அவருடையது. பஜாரில் இருந்த எஸ்.டி.டி. பூத்தும் அவருடையதுதான். குவைத்திலிருந்து போன் வந்தால் அங்கேதான் வரும். வெள்ளிக்கிழமை அங்கே அவர்களுக்கு லீவு என்பதால், வெள்ளிக்கிழமைதோறும் பூத் வாசலில் பாதித் தெரு குந்தியிருக்கும். அவர் உள்ளேயிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடாதவர்கள் எழுந்து வீட்டுக்குப் போவார்கள்.

அம்மாவிடமிருந்து முதலில் ஒரு கேசட் வந்தது. "நல்லா கீறேன். நேரத்துக்குத் துன்னு. நைனாவ சண்ட போடாம பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, நிறுத்தத் தெரியாமல், நீண்ட நேரம் மூச்சு விடும் சத்தம் மட்டும் ஓடும். பிறகு சில போன். பிறகு எதுவும் இல்லை. நைனா மாங்காய் மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு, வியர்வையோடு நேராக பூத்துக்குப் போய் நிற்பார். பாஸ்கரண்ணா எங்களைப் பார்த்ததும் தெலுங்கில் ஆரம்பிப்பார். "மீ அம்ம பாகுந்தி. இல்லு மாறிந்தி, அந்தே." பிறகு நைனாவுக்காகத் தமிழில்: "நல்லா கீறாய்யா. வீடு மாறிட்டா, அவ்ளோதான்." ஒவ்வொரு முறையும் வீடு மாறினாள். ஒரு பெண் எத்தனை வீடு மாறுவாள்?

பத்துக்கு மேல் இன்டர் இரண்டு வருடம் முடித்ததும் திருப்பதியில் எனக்கு ஒரு மாப்பிள்ளை இடம் வந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அத்தைக்குக் கவலை வந்துவிட்டது. தாய் இல்லாத வீடு என்று நினைத்துவிடுவார்களாம். "அவகிட்ட சொல்லி உங்கம்மாவையும் சேர்த்து ஒரு படம் போட்டு மாட்டு" என்றாள். நான் பாஸ்போர்ட் போட்டோவை எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்தேன். அம்மாவுடையதென்று எங்களிடம் இருந்தது அந்த ஒரு போட்டோதான்.

நீ அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாய். திருப்பித் தந்துவிட்டாய்.

"வரைய மாட்டேம்மே."

"ஏன்?"

"வரைஞ்சா வந்துட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் ஒருத்தரும் தேட மாட்டாங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் வரைந்தவள் எனக்கு மட்டும் மாட்டேன் என்கிறாயே என்று கத்தினேன்.  உன்னிடம் படம் வாங்கிப் போன வீடுகளைச் சொல்லிக்கொண்டே வந்தாய். மேட்டுத் தெருவில் ஒருத்தி, போனதிலிருந்து போன் இல்லை. ஸ்டேஷன் பின்னால் ஒருத்தி, அவளுக்கும் வீடு மாறிவிட்டதாம். நாராயணவனம் பக்கத்திலிருந்து வந்து உன் எதிரில் உட்கார்ந்துவிட்டுப் போன ஒருத்தி. "படத்த மாட்டிட்டு எல்லாரும் கம்முனு கீறாங்கமே. நான்தான் அவங்கள கம்முனு இருக்க வெச்சிட்டேன்" என்றாய். உன் குரல் அப்படி உடைந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் ஸ்டேஷன் ரோட்டில், மூடிக் கிடந்த அரிசி மில் சுவரில் நீ வரைய ஆரம்பித்தாய். ஊரைவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் ரயிலேற வேண்டும். காவிப் பொடியும் கரியும் பசையில் குழைத்துத் தந்தது நான். எவரிடமும் நீ மறைக்கவில்லை. நல்ல வெயிலில், போகிற வருகிறவர்கள் நின்று பார்க்க, போய்த் தகவல் இல்லாதவர்கள் முகத்தை ஒவ்வொன்றாக வரைந்தாய். ஓர் ஆள் உயரத்துக்கு முகங்கள். நகை இல்லை, பூ இல்லை, கை இல்லை. பக்கத்தில் பிள்ளைகளும் இல்லை. கீழே ஒரே சொல், தமிழில் எங்கே, தெலுங்கில் எக்கட.

கடைசியாக என் அம்மா. நைனா மண்டியிலிருந்து நேராக வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "அவளேதான்" என்றார்.  மற்ற வீட்டுக்காரர்களும் வந்து நின்றார்கள். ஒரு கிழவர் சுவரைத் தொட்டுப் பார்த்து, கையில் ஒட்டிய கரியை வேட்டியில் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு போனார். அன்றைக்கு இந்த ஊர் உன் பக்கம்தான் இருந்தது. அதை நான் சாட்சி சொல்வேன்.

ஒரு தெலுங்குப் பேப்பர்க்காரர் வந்து சுவரைப் படம் பிடித்தார். விசாரிக்கத் தேவைப்படும் என்று என் அம்மாவின் போட்டோவையும் வாங்கிக்கொண்டார். மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்தது. அது வந்த அன்றே பாஸ்கரண்ணா பூத்தை இழுத்து மூடினார். யாரையும் திட்டவில்லை. கேட்டவர்களிடம், "ஊருக்கு நம்பிக்கை இல்லன்னா நான் எதுக்கு? கைல இருக்கிற விசாவ எல்லாம் திருப்பி அனுப்பிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அவ்வளவு போதுமாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை, மூடிய பூத் வாசலில் வழக்கம்போல ஜனம் குந்தியிருந்தது. உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது. யார் வீட்டுக்கு என்று தெரியவில்லை. எடுக்க ஆள் இல்லை. அடித்து அடித்து அது ஓயும்போதெல்லாம் யாராவது ஒருத்தி உன் பெயரைச் சொல்லிச் சபித்தாள்.

கோயில் முன்னால் உன்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். உன் நைனா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நின்றோம். பெரியவர் ஒருவர், "இன்னாமே பண்ணி வெச்சிக்கீற? ஊரே உன்ன தலைல தூக்கி வெச்சிக்கினு இருந்தது" என்றார்.

"எங்கன்னுதான் கேட்டேன்" என்றாய்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒருத்தி முன்னால் வந்தாள். புது சூட்கேஸ் வாங்கி வைத்துவிட்டு விசாவுக்குக் காத்திருந்தவள். அதற்கு முந்தைய வாரம்தான் உன் எதிரில் வந்து உட்கார்ந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போயிருந்தாள்.

"நீ கேப்பமே. உங்கம்மா அங்க சம்பாதிச்சிக்கினு கீறா, நீ இங்க நின்னுக்கினு கேப்ப. நான் போவலன்னா எம் புள்ளைங்க இன்னாத்த துன்னும்? உன் சுவரயா?"

  அவள் பொய் சொல்லவில்லை என்பது உனக்குத் தெரிந்திருந்தது. ஊர் கெட்டதாக இருந்திருந்தால் நீ எதிர்த்து நின்றிருப்பாய். அது பசித்த ஊராக இருந்தது. அதனிடம் நீ தோற்றாய்.

இரண்டொரு நாளில் பாஸ்கரண்ணா உனக்காக மட்டும் பூத்தைத் திறந்தார். உன் அம்மா லைனில் இருந்தாள். உள்ளே போய் வந்த உன் முகத்தில் ரத்தமே இல்லை. "அழிச்சிடும்மே. நான் திரும்பி வரணும்னா அழிச்சிடு" என்றாளாம். வேலை செய்யும் வீட்டில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அழிச்சிடு என்று அவளாகச் சொன்னாளா, சொல்லச் சொன்னார்களா என்று நீ என்னைக் கேட்டாய். எனக்கு எப்படித் தெரியும்?

அழிக்க உன் நைனாவே வந்தார். வேறு யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். சுண்ணாம்பு வாளியும் ஏணியும் யாரோ கொண்டுவந்து வைத்தார்கள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஊனக் காலோடு அவர் ஏணியில் ஏறியதும் ஏணி ஆடியது. நீ ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாய். உன் நைனா நீ வரைந்ததை அழித்து முடிக்கும் வரை, அவர் விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். சுண்ணாம்பு உன் தலையிலும் கண்ணிலும் சொட்டியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. என் அம்மாவுக்கு முதலில் நெற்றி போனது. கண் போனபோது என் நைனா திரும்பிக்கொண்டார். நான் திரும்பவில்லை.

மறுபடி பூத் திறந்தது. மறுபடி பெண்கள் ரயிலேறினார்கள். திருப்பதிக்காரர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். "பொண்ணோட அம்மா?" என்று கேட்டார்கள். என் நைனா, "குவைத்துல கீறா. நல்லா கீறா. வீடு மாறிட்டா" என்றார். எனக்குக் கல்யாணமாயிற்று.

உன்மேல் யாரும் கோபமாக இருக்கவில்லை. கோபமாக இருந்திருந்தால்கூட நீ தாங்கியிருப்பாய் என்று நினைக்கிறேன். உன்னிடம் ஒருவரும் எதையும் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான். ரிக்கார்டு நோட்டுகள் வேறு யாரிடமோ போயின. கிளம்பும் பெண்கள் உன் வீட்டைத் தாண்டும்போது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள், நீ பார்த்துவிடக் கூடாது என்று. ஒருத்தி படத்தைக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்து, "இது வீட்ல இருந்தா நல்லதில்லன்றாங்க" என்றாளாம். மற்றவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை. பரணில் போட்டார்கள்.

நீயும் திருப்பதிக்கு வந்தாய். பக்தர்களுக்கு சாமி படம் விற்கும் கடை ஒன்றின் பின்கட்டில் உனக்கு வேலை. அச்சடித்த படத்தின் மேல் வண்ணமும் ஜிகினாவும் ஏற்றும் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே முகம். என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து உட்காருவேன். சொந்தமாக ஏதாவது வரையேன் என்று கெஞ்சியிருக்கிறேன். நீ தூரிகையை நிறுத்தாமலே சொல்வாய்: "இதுதாம்மே எனக்கு சரி. நாமம் கண்ண மறைச்சிடுது பாரு. கண்ணு போடத் தேவையில்ல."

உன் அம்மா திரும்பி வந்தாள். தெருவே வரவேற்றது. அவள் உன்னைப் பார்க்கத் திருப்பதிக்கு வந்தபோது நானும் இருந்தேன். உன் கன்னத்தைத் தொட்டாள். பிறகு, "என்ன அங்கயே சாவடிச்சிருப்பியே மே" என்றாள். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நீயும் சிரித்தாய். அவள் கைகளை நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். பினாயிலில் வெந்து, நகம் கறுத்திருந்தன; நீ வரைந்து வரைந்து வீடு வீடாகக் கொடுத்த கைபோல் அவை இல்லை.

உனக்குக் காமாலை வந்தது. பச்சிலை குடித்தாய், நாள் கடத்தினாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது வயிறு வீங்கியிருந்தது. முப்பதைக்கூடத் தொடவில்லை நீ. செத்த பிறகு ஊருக்குக் கொண்டுபோனோம். புத்தூரே வந்தது. பெண்கள் நிஜமாகவே மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பாஸ்கரண்ணா பெரிய மாலையோடு வந்து, "நம்ம ஊருக்கே பேர் வாங்கிக் குடுத்த பொண்ணு" என்றார். தலைமாட்டில் வைக்க, நீ வளர்ந்த பிறகு எடுத்த போட்டோ ஒன்றைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. எல்லோரையும் வரைந்தவளை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. வெறும் விளக்கை மட்டும் ஏற்றி வைத்தார்கள்.

நீ போவதற்கு முன் ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னதை இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. பகல் நேரம். நான் உன் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தேன். "உங்கம்மாவ நான் சரியாப் பாக்கவே இல்லமே" என்றாய். "அன்னிக்கு அவங்க அழுதுக்கினே இருந்தாங்க. அந்த போட்டோவும் வெளுத்துப் போய் இருந்துது. சுவத்துல எனக்கு முகம் வரல. பக்கத்துல நீ பச குழைச்சிக்கினு நின்ன. உன்னப் பாத்துதான் வரைஞ்சேன். கொஞ்சம் வயசு சேத்தேன், அவ்ளோதான்."

நைனா துண்டை அவிழ்த்து நின்றது, அவளேதான் என்றது, என் நெற்றி வெளுத்தது, என் கண் போனது. எல்லாவற்றையும் நான் மறுபடி பார்த்தேன்.  தண்ணீரில் துணியை நனைத்து உன் உதட்டில் வைத்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

பேப்பர்க்காரர் வாங்கிப்போன போட்டோ திரும்பி வரவில்லை. கேசட் நாடா சிக்கி அறுந்துவிட்டது. நைனாவும் போய்விட்டார். அம்மா எந்த மண்ணில் இருக்கிறாள், இருக்கிறாளா என்று சொல்ல இன்றைக்கும் ஆள் இல்லை. கேட்கவும் நீ இல்லை.

அன்று நீ எனக்குச் சேர்த்த வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். சாமான் தேய்க்கும்போதோ, துணி உலர்த்தும்போதோ திடீரென்று அம்மாவின் நினைப்பு வரும். கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி அவள் முகத்தைத் தேடுவேன். அவள் வருவதில்லை. ஒவ்வொரு முறையும் நானே எதிரில் வந்து நிற்கிறேன்.